கிணறு நிஜம்

ஏழு பத்துக்குப் பொன்னேரியில் இறங்கினாள் அம்பிகா. பழவேற்காட்டுக்கு எட்டு மணிக்குத்தான் பஸ். நிலையத்துக்கு வெளியே நின்று டீ குடித்தாள். பையில் தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, ‘பதினோரு கூரை’ நாவலின் மூன்றாம் பதிப்பு.

தபால் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, பிடித்த நாவல்கள் நடக்கும் ஊர்களைப் போய்ப் பார்த்துவருகிறாள். இதுவரை ஏழு ஊர். மலைக்கிராமத்தில் ரிசார்ட் கட்டியிருந்தார்கள். ரயில்வே குடியிருப்பை இடித்துவிட்டிருந்தார்கள். நெசவுத் தெருவில் ஒருவருக்கும் நாவலின் பெயரே தெரியவில்லை. எந்த ஊரிலும், படித்ததில் ஒன்றையாவது கண்ணால் பார்க்க முடியவில்லை. ‘பதினோரு கூரை’யைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதிலும் ஏமாந்துவிடுவோமோ என்று பயம்.

பழவேற்காடு படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பறவை பார்க்க வந்தவர்கள் படகுக்காரர்களோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து தள்ளி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் தன் படகிலேயே உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும்.

“ஈச்சந்திட்டுக்குப் போகணும்” என்றாள்.

“அங்க இன்னா இருக்குதுன்னு போற? நாரை பாக்கணும்னா முகத்துவாரம் பக்கம் போவணும்மா.”

“நாரை வேண்டாம். ஊரைத்தான் பார்க்கணும்.” புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். “இந்தக் கதை அங்கதான் நடக்குது.”

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்னட்டையில் இருந்த ஆசிரியரின் படத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது எழுத்துக்கார சாரு இல்ல?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? எண்பத்தி நாலுல எங்க வூட்ல ஒரு மாசம் தங்கினாரு. எங்கம்மா ஆக்கிப்போட்ட நண்டத் தின்னு தின்னு வயிறு பேஜாராயி, ரெண்டு நாளு எழுந்திருக்கவே இல்ல.” சிரித்தார். “கடைசில புக்கு போட்டுட்டாரா?”

“போட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவரும் போயிட்டார். உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பலையா?”

“எங்களுக்கு எதுக்கும்மா? நான் மூணாவதோட நின்னவன்.” அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தார். “குந்து. கோதண்டம் எம்பேரு. பன்னெண்டு மணிக்கு நான் ஊர்க் கோயிலாண்ட இருக்கணும். வேலை முடிஞ்சதும் கொணாந்து வுட்டுடறேன்.”

ஏரி அமைதியாக இருந்தது. அரிசி கழுவிய நீரின் நிறம் என்று நாவலில் இருந்தது. அதே நிறம். அம்பிகா விரலை நீரில் விட்டு எடுத்தாள்.

“இன்னைக்கு ஊர்ல பாட்டுக்குச் சீட்டு குலுக்கறாங்க” என்றார் கோதண்டம். “எம்பையன் சரவணனுக்குக் கண்ணாலம் ஆயி ரெண்டு மாசம். இன்னைக்குத்தான் அவன் பேரு சேருது. அதான் புதுச் சட்ட.”

“பாடு!” என்றாள் அம்பிகா. “அஞ்சாம் அத்தியாயம்.”

முகத்துவாரத்துக்கு உள்ளே இறால் ஓடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். அங்கே கம்பு நட்டு வலை கட்ட எல்லோருக்கும் ஒரே நாளில் இடம் இல்லை. ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. குலுக்கலில் வரும் வரிசைப்படி அவனவன் நாளில் அவனவன் வலை. சீட்டு இல்லாதவன் கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கலாம். அல்லது அடுத்தவன் வலைக்கு ஆளாகப் போகலாம். நாவலில் இது பதினாறு பக்கம் வருகிறது.

“ரெண்டு வருசம் கம்பெனி கேட்டாண்ட காண்ட்ராக்டுல நின்னான். மூச்சு வாங்குது நைனான்னான். வந்துடுடான்னு இட்டாந்துட்டேன். பொண்ணு வூட்லயும் பையனுக்குப் பாடு வருதுன்னு சொல்லித்தான் கட்டினோம். சுண்ணாம்புக்குளத்துப் பொண்ணு. இந்தச் சீட்டு வுழுந்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வாணாம்.” திரும்பிப் பார்த்தார். “கேக்கறியாம்மா?”

“கேக்கறேன், சொல்லுங்க” என்றாள். பசியாவரம் கிராமம் இடப்புறம் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

*

கோதண்டத்தின் வீட்டு வாசலில் அவர் மனைவி வேலம்மாவும் மருமகள் நந்தினியும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரை இட்டாந்துகீறேன் பாரு” என்றார் கோதண்டம். “நம்ம எழுத்துக்கார சாரு புக்கு போட்டுகீறாராம். அதப் படிச்சிட்டு நம்ம ஊரப் பாக்க மெட்ராஸ்லேருந்து வந்துகீறாங்க.”

வேலம்மா கை கழுவிக்கொண்டு எழுந்தாள். “இந்த ஊரயா? அதுக்குள்ள இருக்கற எங்களுக்கே பாக்கப் புடிக்கல.”

வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. “எங்க நைனா வெட்டுனது. சுத்தியும் உப்பு, இது ஒண்ணுலதான் நல்ல தண்ணி” என்றார் கோதண்டம். அம்பிகா எட்டிப் பார்த்தாள். உள்சுவரில் ஒடுக்கமான, மஞ்சள் பாரித்த செங்கல். இடிந்த ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து ஏழு படகுச் சுமை செங்கல் கொண்டுவந்து ஒருவன் தனியாளாகக் கிணறு கட்டுவது நாவலில் பன்னிரண்டாம் அத்தியாயம்.

“செங்கல் கோட்டையிலிருந்து வந்ததா?”

“உனக்கு எப்டித் தெரியும்?”

அவள் குனிந்து செங்கல் மேல் கையை வைத்தாள். ஈரமாக இருந்தது. ஏழு ஊருக்குப் பிறகு முதல் முறையாக, படித்த ஒன்று கையில் தட்டுப்பட்டது.

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கோயில் எதிரே பட்டுப்போன புன்னையைக் காட்டி, இதில்தான் இருபதாம் பக்கத்தில் ஒருத்தி தலைமுடியைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்வாள் என்றாள். கரையில் பாதி புதைந்திருந்த நங்கூரம் நாவலில் இருந்தது. தெற்குத் தெருவின் வளைவு இருந்தது. பெண்கள் அவள் பின்னால் வர ஆரம்பித்தார்கள்.

“எங்க வூடு கீதா அதுல?”

“எந்த வீடு?”

“மூலையில, வேலி போட்டது.”

“மூலை வீட்டில் ஒரு பாட்டி இருக்காங்க. கோழி காணாமப் போனா மண்ணை வாரித் தூத்தித் திட்டுவாங்க.”

“அய்ய! எங்க மாமியாரோட மாமியாரு! அச்சு அசல்!” அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏ காந்தா, உங்க பாட்டி கோழி திருடுனதும் வருதான்னு கேளுடி.”

“எங்க பாட்டி ஏண்டி திருடுறா? உங்க கோழி எங்க வூட்ல வந்து செத்துச்சு.”

நந்தினியும் வந்து நின்று சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு சிரித்துப் பார்த்ததில்லை என்று வேலம்மா சொன்னாள். கோதண்டம் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். எழுத்துக்காரர் எங்கே படுத்தார், எங்கே குளித்தார் என்று அவரே காட்டினார். “நைனாவும் அவரும்தான் ஜோடி. தெனம் படகுல போவாங்க. நான்தான் கழி போட்டுத் தள்ளுவேன். ரெண்டு பேரும் பேசினே இருப்பாங்க.”

பதினொன்றரைக்குக் கோயில் முன்னால் ஆண்கள் கூடிவிட்டார்கள். பாடு கணக்கு நோட்டைக் கங்காதரன் வைத்திருந்தான். நாற்பது வயது. ஐ.டி.ஐ. படித்தவன். ஊர்க் கணக்கு, மனு, ஆன்லைன் எல்லாம் அவன்தான். அறுபத்திரண்டு பெயருக்குச் சீட்டு எழுதி மடித்து வைத்துவிட்டு, கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டு நிமிர்ந்தான்.

“இன்னாண்ணா, ஊரே சிரிக்குது?”

“நம்ம ஊரு புக்குல வந்துகீது கங்கா” என்றார் கோதண்டம். “அப்டியே கீதாம். ஒண்ணு வுடல. எங்க கிணறு வருது.”

“அப்டியா? படிங்களேன் மேடம், கேப்போம். இன்னும் அரமணி நேரம் கீது.”

நாற்காலி போட்டார்கள். கோதண்டம்தான் தூக்கி வந்தார். அம்பிகா எதைப் படிப்பது என்று யோசிக்கவில்லை. அவளுக்கு மிகவும் பிடித்தது மூன்றாம் அத்தியாயம். ஒவ்வொரு முறையும் அழவைத்த இடம். ஊரின் பெருமை முழுவதும் அதில் இருப்பதாக நினைத்தாள்.

படித்தாள். புயலுக்கு மறுநாள் காலையில் வடக்கேயிருந்து ஒரு ஓடம் ஒதுங்குகிறது. உள்ளே செத்த பெண்ணொருத்தி. அவள் மடியில் நாலு வயதுப் பையன். தெலுங்கு தவிர வேறு தெரியாது. இடது காதுக்குப் பின்னால் தீக்காயத் தழும்பு. பிள்ளை இல்லாத ஒருவன் பையனைத் தூக்கிக்கொண்டு போகிறான். வெளியூர்ப் பிள்ளைக்கு இந்த ஊரில் பாடு கிடையாது. நாளைக்கு இவன் எப்படிப் பிழைப்பான்? ஊரில் அப்போது பதினோரு வீடு. பதினோரு வீட்டாரும் புன்னையடியில் கூடி, இவன் இங்கே பிறந்தவன், இதை மாற்றி எந்த வாயும் பேசாது என்று சத்தியம் செய்கிறார்கள்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

“இந்தப் பையன்தான் வளர்ந்து, கோட்டைச் செங்கல்லைக் கொண்டுவந்து கிணறு கட்டுவான்” என்றாள். கோதண்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. “உங்க அப்பா. எவ்வளவு பெரிய மனசு இந்த ஊருக்கு!”

சிரிக்க வாய் திறந்த காந்தா வாயை மூடிக்கொண்டாள். கோதண்டம் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். வேலம்மா அவரைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று அந்தப் பார்வையிலிருந்து அம்பிகாவுக்குப் புரிந்தது. வெளியூர்ப் பிள்ளைக்குப் பாடு இல்லை என்ற விதி அந்தக் காலத்தோடு போயிற்று என்று நினைத்திருந்தாள். காலையில் படகில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“அந்தப் பக்கத்த இன்னொரு தபா காட்டுங்க மேடம்” என்றான் கங்காதரன். அவள் திறப்பதற்குள் புத்தகத்தை அவனே வாங்கினான். பக்கத்தைத் தேடி, போனில் இரண்டு படம் எடுத்தான்.

“தம்பி, இது கதை” என்றாள் அம்பிகா. “நாவல். எழுதறவங்க கற்பனையா எழுதறது. இதெல்லாம் நடந்ததுன்னு அர்த்தம் இல்லை.”

“சரி மேடம். கோழி?”

“என்ன?”

“கோழி திட்டுற கிழவி. அது கதையா, நெசமா?”

அவள் புத்தகத்தை அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“காலைலேருந்து நீங்கதான் தெருத் தெருவா காட்டினு வந்தீங்க. மரம் நெசம். நங்கூரம் நெசம். கிணறு நெசம், கல்லு மொதக்கொண்டு நெசம். இது ஒண்ணு மட்டும் கதையா?”

“ஆமா. இது மட்டும் கதைதான்.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

பின்னாலிருந்து ஒருவன், “வந்தவனுக்குப் பாடு இல்ல. அது நம்ம போட்ட சட்டம் இல்ல, பெரியவங்க போட்டது” என்றான். வேறொருவன், “பதினோரு வீட்ல ராஜவேலு பெரியப்பா வூடும் ஒண்ணு. அவரக் கேளு” என்றான்.

ராஜவேலுவுக்கு எண்பத்தைந்து வயது. மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வீட்டின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பவர் அவர் மட்டும்தான்.

“பெரியப்பா, கோதண்டம் அண்ணனோட நைனா இந்த ஊர்ல பொறந்தவரா?”

“இன்னா?”

“இந்த ஊர்ல பொறந்தவரான்னு கேக்கறேன்!”

“காது அடைச்சினு கீதுடா” என்றார் ராஜவேலு. எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். மூன்று வீடு தள்ளி போன் அடித்தால் யாருடையது என்று சொல்லிவிடும் காது அவருடையது. எல்லோருக்கும் தெரியும்.

“பொறந்தவருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்று வேலம்மா முணுமுணுத்தாள். “வாயத் தொறக்காம இருக்கறதுக்கா அன்னைக்குச் சத்தியம் பண்ணாங்க?” பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் காதில் அது விழுந்திருந்தது.

கங்காதரன் கோயிலுக்குள் போய்த் தட்டை எடுத்துவந்தான். கற்பூரம் இருந்தது.

“எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லண்ணா. ஊரு கேக்குது. அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சுச் சொல்லு. எங்க நைனா இங்க பொறந்தவருன்னு. முடிஞ்சுது. சரவணன் சீட்ட நானே எழுதி மொதல்ல போடறேன்.”

கற்பூரம் ஏற்றப்பட்டது. கோதண்டம் படிக்குக் கீழே நின்றார்.

“அணைச்சுடு நைனா” என்றான் சரவணன். முப்பது வயது. அப்பாவைப் போலவே வெள்ளைச் சட்டை. “அவங்களே கதைன்னு சொல்றாங்க. அணை.”

கோதண்டம் கையை நீட்டினார். உள்ளங்கை தீபத்துக்கு மேலே நின்றது. ஊரில் பொய்ச் சத்தியம் செய்த இரண்டு பேரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒருவனுக்கு முகத்துவாரத்தில் பிள்ளை போயிற்று. இன்னொருவனுக்குக் கண். கோதண்டம் மகனைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

“நைனா!”

கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது.

“உன் சீட்டுல கை வைக்கலண்ணா” என்றான் கங்காதரன். “உன் காலம் வரைக்கும் உனக்குத்தான். ஊரு அவ்ளோ கல்மனசு இல்ல. பையனுக்கு இல்ல, அவ்ளோதான்.”

எவனும் மறுக்கவில்லை. முகத்துவாரம் மண் மூடி நாலு வருடமாக இறால் பாதி. சரவணனையும் சேர்த்து அறுபத்து மூன்று பேராக இருந்தால் முறை வர அறுபத்து மூன்று நாள். அறுபத்திரண்டு பேராக இருந்தால் ஒரு நாள் குறையும். முன்வரிசையில் இருந்தவன் சீட்டுப் பானையை நகர்த்தி வைத்தான். பானையைக் குலுக்கும் சத்தம் கேட்டது.

*

நந்தினி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் அம்மாவோடு பேசுவது வெளியே கேட்டது. சரவணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே கரையோடு நடந்து போனான். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

கோதண்டம் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார். சட்டையைக் கழற்றி மடித்துப் பலகையின் மேல் வைத்திருந்தார். அம்பிகா பக்கத்தில் போய் நின்றாள்.

“நான் பதிப்பகத்துல எழுதி வாங்கித் தர்றேன். எல்லாமே கற்பனைன்னு. லெட்டர்ஹெட்ல.”

“கிணத்த இன்னா பண்ணுவ?”

“இந்தப் புத்தகத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்.”

“போன்ல எடுத்துட்டான்.” அவர் மோட்டாரின் கயிற்றைச் சுற்றினார். “எழுத மாட்டேன்னு சொல்லிட்டுத்தாம்மா எழுத்துக்கார சாரு நைனாவக் கேட்டாரு. அவங்கம்மா மேல சத்தியம் பண்ணாரு. நைனா அப்பத்தான் சொன்னாரு. வேற யார்ட்டயும் சொன்னதில்ல. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். கழி என் கையிலதான் இருந்துச்சு.”

“முன்னுரையில ஒரு வரி எழுதியிருக்கார்” என்றாள் அம்பிகா. “பெயர்களை மாற்றியிருக்கிறேன்னு.”

கோதண்டம் கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினார்.

வேலம்மா கரைக்கு வந்தாள். கையில் இறால் உரித்த வாடை இருந்தது. அம்பிகா ஏறிக்கொண்ட பிறகு படகின் விளிம்பைப் பிடித்தாள். தள்ளிவிடத்தான் பிடிக்கிறாள் என்று அம்பிகா நினைத்தாள். அவள் தள்ளவில்லை.

“தெரிஞ்சு செய்யலம்மா” என்றாள் அம்பிகா. “எனக்கு இந்த ஊர் மேல அவ்வளவு பிரியம். நேர்ல பார்க்கணும்னு எத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன் தெரியுமா?”

வேலம்மா அவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“எங்க வூடு அதுல கீது. எங்க மாமனாரு கீறாரு. கிணத்துல எத்தினி கல்லுன்னு மொதக்கொண்டு கீது. எல்லாந்தான் படிச்சிட்டியே. அப்பறம் இன்னாத்துக்கும்மா வந்த?”